ஏழாவது தொட்டியில் மீன் இருக்கிறது

அந்த மீன் காட்சியகத்தில் பதினெட்டுத் தொட்டிகள். பதினேழில் மீன்கள் இருந்தன, ஏழாவதில் ஒரு பாறை இருந்தது. இது பார்வையாளர்களின் கணக்கு. பதினோரு வருடமாக ஏழாவது தொட்டியைப் பராமரித்து வந்தவரின் கணக்குப்படி, அந்தப் பாறைக்குள் ஆறு மீன்களும் இருந்தன. அவர் கணக்கை யார் மதித்தார்கள்? சுறாவுக்குத் தீனி போடுகிறவரைச் சுறாக்காரர் என்றும் ஆமையைப் பார்த்துக்கொள்கிறவரை ஆமைக்காரர் என்றும் கூப்பிட்ட சக ஊழியர்கள், இவருக்குக் கல்லுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிப்போய், தொலைபேசியை எடுத்தால் "கல்லுக்காரர் பேசறேன்" என்று அவரே சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

மீன் என்னவோ அழகான மீன்தான். உள்ளங்கை நீளம், செக்கச்செவேலென்ற உடம்பு, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் கண். அறிவிப்புப் பலகையில் இருந்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊழியர்களுக்கு அது முட்டைக்கண்ணன். வெப்பக் கடலின் பவளப்பாறைகள்தான் அதற்கு வீடு. பகல் முழுவதும் பாறை இடுக்கில், விதானத்தோடு ஒட்டிக்கொண்டு, சில சமயம் தலைகீழாகக்கூடத் தொங்கிக்கொண்டு கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வந்து நீரில் மிதந்துவரும் பொடி இறாலையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும். விடிவதற்குள் மறுபடி அதே பொந்து. காட்சியகம் திறந்திருப்பதோ காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. மீன் எழுந்திருக்கும்போது பார்வையாளர்கள் இல்லை, பார்வையாளர்கள் வரும்போது மீன் எழுந்திருப்பதில்லை.

இப்படி ஒரு மீனைக் காட்சிக்கு வைக்கலாம் என்று யோசனை சொன்ன மகான் யார் என்று கேட்டால், அதுவும் அவர்தான். ஏழாவது தொட்டிக்கு என்ன மீன் வாங்கலாம் என்று பழைய மேலாளர் கேட்டபோது, பட்டியலை மூன்று நாள் புரட்டி, கூட்டம் சேராத மீனாகப் பொறுக்கியெடுத்தார். கூட்டம் சேர்ந்தால் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற பிறவி அவர். வேண்டியது கிடைத்தது. கூட்டம் வரவே இல்லை.

வந்தபோது ஏழு மீன்கள், கட்டைவிரல் நகமளவுதான் இருந்தன. இரண்டாம் வருடம் ஒன்று இறந்துபோயிற்று. உடல் கிடைக்கவில்லை, பாறையோடு வந்த நண்டு ஏதாவது தின்றிருக்க வேண்டும். ஒரு மாதம் தொடர்ந்து எண்ணியும் ஆறுதான் தேறியது. பதிவேட்டில் 'ஒன்று இறந்தது' என்று எழுதிவிட்டு அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. பலகையில் இருந்த ஏழு என்பதை அழித்து ஆறு என்று திருத்தினார். பராமரிப்பு ஆட்கள் தொட்டியை முன்பக்கமாகப் பார்க்கிற வழக்கமில்லை. தொட்டிகளுக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான நடை, ஓர் ஏணி, மேலே ஒரு மூடி. தீனி மேலேயிருந்துதான், எண்ணிக்கையும் மேலேயிருந்துதான். மாலை விளக்கைத் தணித்ததும் மூடியைத் திறந்து, இறாலைத் தூவி, ஏறிவருகிற முதுகுகளை எண்ணுவார். ஆறு. மூடியைச் சாத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். கூடவே அவர் மனைவியும்.

ஏனென்றால் வாசலில் நுழைவுச்சீட்டு கொடுக்கிறவள் அவர் மனைவிதான். பதினோரு வருடமாக அவள் அந்தச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நாள் தவறாமல் நாலைந்து பேர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சன்னலைத் தட்டுவார்கள்.

"ஏம்மா, ஏழாவது தொட்டி காலியா இருக்கே?"

"காலி இல்லைங்க. ஆறு மீன் இருக்கு. பகல்ல தூங்கும்."

"நாங்க பத்து நிமிஷம் நின்னு பாத்தோம்மா."

"இருக்குங்க. எங்க வீட்டுக்காரர் பாத்திருக்கார்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மேல் யாரும் வாதாட முடியாது. ஒரு பெண் தன் வீட்டுக்காரரைச் சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன செய்வது? முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்கள். இது அவருக்குத் தெரியும். அவளும் நாள் முழுக்க சன்னலை விட்டு நகர முடியாது என்பதும் தெரியும். தெரிந்தும், ஒரு நாள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம் என்று அவருக்குத் தோன்றியதில்லை. மாலையில் இருவருக்கும் பேருந்தைப் பிடிக்கிற அவசரம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் புது மேலாளர் வந்து ஏறினார். இதற்கு முன் ஒரு பெரிய வணிக வளாகத்தை நடத்தியவர். வந்த முதல் வாரமே கல்லுக்காரரை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். மூணு நாளா அந்தத் தொட்டி முன்னாடி நின்னு பாத்துட்டேன். பாறை நல்லா இருக்கு."

"பகல்ல தூங்கும் சார்."

"தூங்கறத யாரு சார் டிக்கெட் வாங்கிப் பாப்பாங்க? எங்க வீட்ல என் பையன் மத்தியானம் வரைக்கும் தூங்கறான். வந்தீங்கன்னா சும்மாவே பாக்கலாம்."

ஏழாவது தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் சிப்பி வைக்கப் போகிறார்களாம். அதற்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமாம். மீன்களை என்ன செய்வது? வீட்டுத் தொட்டிகளுக்கு மீன் விற்கிற கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

கடை என்றால் என்னவென்று கல்லுக்காரருக்குத் தெரியும். நாலு பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேல் குழல்விளக்கு, ஒளிந்துகொள்ள ஒரு கூழாங்கல் கிடையாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அந்த வெளிச்சத்தில் அவை ஒரு மாதம் தாங்காது. நகமளவிலிருந்து வளர்த்த மீன்கள். அவர் வாயைத் திறந்தார். நாக்கு ஒட்டவில்லை.

"மூணு வாரம் குடுங்க சார். பகல்லயே வெளிய வரவைக்கிறேன்."

மேலாளருக்கே ஆச்சரியம். "சரி. மூணாவது வாரம் புதன்கிழமை நிர்வாகக் குழு வருது. பதினோரு மணிக்கு. அவங்க கண்ணால மீனைப் பாத்துட்டா தொட்டி இருக்கட்டும். பாக்கலைன்னா சிப்பி."

வெளியே வந்ததும், பெரிய வீரன் மாதிரிப் பேசிவிட்டு வந்திருக்கிறோமே, செய்வது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

வழி ஒன்று இருந்தது. பகலை இரவாக்கி, இரவைப் பகலாக்குவது. தொட்டியைச் சுற்றி ஓர் இருட்டு அறை மாதிரிக் கறுப்புத் திரை கட்டி, உள்ளே விளக்குக்கு டைமர் வைத்து, தினமும் ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போனால் பன்னிரண்டு நாளில் மீனுக்கு நாள் புரண்டுவிடும். ஊருக்கெல்லாம் பகலாக இருக்கும்போது தொட்டிக்குள் நீல நிறத்தில் ஒரு மங்கலான விளக்கு, நிலா வெளிச்சம் மாதிரி. முட்டைக்கண்ணன் ராத்திரி என்று நம்பி வெளியே வந்துவிடும்.

திரையைத் தைத்துக் கொடுத்தவள் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. துணியோ முரட்டுத் துணி. மூன்று ஊசி உடைந்தது, நாலாவது அவள் விரலில் ஏறியது. கட்டுப்போட்ட விரலோடு கடைசி மடிப்பைத் தைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மீன் வெளிய வர ஆரம்பிச்சதும் நான் ஒரு தடவை எட்டிப் பாக்கட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். திரையத் தூக்கினா வெளிச்சம் உள்ள போயிடும். பழகிட்டு வர்ற நேரத்துல பயந்துடுச்சுன்னா மொத்தமும் போச்சு. புதன்கிழமை எல்லாரோடயும் சேந்து பாத்துக்க."

"சரி" என்றாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

சட்டம் என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று, திரைக்கு முன்பக்கம் அவரும் போகவில்லை. வழக்கம்போல ஏணியில் ஏறி, மூடியை விரலளவு நீக்கி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். திரை கட்டிய பதின்மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு முதல் முதுகு பாறையை விட்டு வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஆறும். ஏணியின் மேலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது. மீனுக்காக ஏணியில் நின்று அழுகிற ஆள் உலகத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று எண்ணிச் சிரிப்பும் வந்தது. கீழே போய்ச் சன்னலுக்குப் பின்னால் இருந்தவளிடம் "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார். அவள் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "ஆறுமா?" என்றாள்.

"ஆறும்."

புதன்கிழமை வந்தது. நிர்வாகக் குழு என்றால் இரண்டே பேர். தலைவியாக ஓய்வுபெற்ற கண் மருத்துவர் ஒருவர், வெள்ளைத் தலை, கையில் ஊன்றுகோல். இன்னொருவர் கட்டட ஒப்பந்தக்காரர், எதைப் பார்த்தாலும் விரலால் தட்டிப் பார்க்கிறவர். மேலாளர் முன்னால் நடந்தார். சிப்பிக்கு அளவெடுக்க வந்திருந்த தச்சர் வெளியே அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார். மனைவியைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வாசலில் வந்து நின்றது. அறுபது பிள்ளைகள் கதவை முட்டிக்கொண்டு ஓட, அவள் எழுந்து நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சரி, பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

திரைக்குள் போனார்கள். இருட்டில் கண் பழக இரண்டு நிமிடம் பிடித்தது. பிறகு ஒப்பந்தக்காரர் மூச்சை இழுத்தார். பாறைக்கு முன்னால், நீல மங்கலில், பெரிய கண்களோடு மீன்கள் மிதந்து வந்தன. தலைவி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

"அடடா, என்ன கண்ணு!" என்றார். "நாப்பது வருஷம் கண்ணு பாத்திருக்கேன். இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

கல்லுக்காரர் மீனைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்த நிமிடமே தொட்டி தப்பியிருக்கும். பிறந்ததிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்தவருக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை.

ஒப்பந்தக்காரர்தான் ஆரம்பித்தார். "வெளிய பலகையில செக்கச்செவேல்னு போட்டிருக்கே. இது கறுப்பா இருக்கு?"

"செவப்புதான் சார்."

"எங்க செவப்பு? கறுப்பு சார் இது."

"நீல வெளிச்சத்துல அப்படித்தான் சார் தெரியும். தண்ணி ஆழத்துல செவப்பு வெளிச்சம் முதல்ல காணாமப் போயிடும். செவப்பு வெளிச்சமே இல்லாத எடத்துல செவப்பு மீன் கறுப்பாத்தான் தெரியும். பெரிய மீனுங்க கண்ணுல படாம இருக்கறதுக்குத்தான் சார் அதுக்கு அந்த நிறமே..."

பதினோரு வருடம் அடைத்து வைத்திருந்தது மடை திறந்துகொண்டது. பவளப்பாறையைப் பற்றிச் சொன்னார், பொந்தைப் பற்றிச் சொன்னார், ஆழத்தில் எந்த நிறம் எப்போது மறையும் என்று வரிசையாகச் சொன்னார். நாலு பேர் முன்னால் பேசுகிறோம் என்ற போதை தலைக்கேறிவிட்டது. கேட்டு முடித்த ஒப்பந்தக்காரர் சிரித்தார்.

"நல்லா சமாளிக்கறீங்க. கறுப்பு மீனை வாங்கிட்டுப் பலகைய மாத்தி எழுதிட்டீங்க, அவ்ளோதானே?"

கல்லுக்காரர் என்றதைப் பொறுத்துக்கொண்டவர், காலி என்றதைப் பொறுத்துக்கொண்டவர். ஆனால் பலகை அவர் தன் கையால் எழுதியது. ரத்தம் சுர்ரென்று ஏறியது. சட்டைப் பையில் பம்பு பார்க்கிற டார்ச் இருந்தது. அதே பலகையின் கடைசி வரியில், 'தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள்' என்று அவரே எழுதியும் இருந்தார்.

"இப்பப் பாருங்க சார்!" என்று டார்ச்சை அடித்தார்.

சிவப்பு தெரிந்ததா என்றால் தெரிந்தது. ஒரு கண்சிமிட்டல் நேரம், தக்காளியைக் கொட்டிவிட்டது போல. ஆனால் அதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இருட்டுக்குப் பழகியிருந்த மற்ற மூவரும், கண்ணாடியில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் "ஐயோ" என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். கையை எடுத்துப் பார்த்தபோது தொட்டியில் பாறை இருந்தது.

ஐந்து நிமிடம் நின்றார்கள். ஒன்றும் வரவில்லை. "ஒரு வெளிச்சம் பட்டாப் போயிடற மீனை நம்பி டிக்கெட் விக்க முடியாது சார்" என்றார் மேலாளர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஒப்பந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். தச்சரின் அளவுநாடா சர்ரென்று நீள்கிற சத்தம் திரைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

தலைவி போகவில்லை. போக முடியவில்லை. "கண்ணு ரெண்டும் கூசுது. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்" என்று சுவரோரம் கிடந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கே டார்ச் அடிச்ச மொதல் ஆள் நீங்கதான். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரைக்கு வெளியே தலையை நீட்டி, வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மனைவியைக் கூப்பிட்டார். அவள் சன்னலைச் சாத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"பாக்கலையா?"

"பாத்தாங்க. நான்தான் டார்ச் அடிச்சு வெரட்டிட்டேன்."

"நீங்களா?" என்றாள். தலைவிக்குத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். மீனைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, தன் கையாலேயே கடைக்காரனிடம் பிடித்துக் கொடுத்தாயிற்று. இதைவிட ஒருவன் எப்படி முட்டாளாக முடியும் என்று அவருக்குப் புரியவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். மனைவியின் குரல் மெல்லக் கேட்டது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு, நாலு... அஞ்சு... அங்க ஒண்ணு, ஆறு..." நிறுத்தினாள். "ஏழு."

"ஆறு" என்றார் தரையிலிருந்து.

"ஏழுங்க."

"ஆறுதாம்மா. ஒண்ணு ஒம்பது வருஷத்துக்கு முன்னாடியே செத்துப்போச்சு."

"ஓடற பிள்ளைங்களையே தல தப்பாம எண்ணறவ நான். இப்பத்தான் அறுபத எண்ணிட்டு வந்தேன். இது சும்மா மெதக்குது, இத எண்ண மாட்டேனா? அந்தப் பாறை நீட்டிட்டு இருக்குல்ல, அதுக்கு அடியில பாருங்க. கண்ணாடிப் பக்கமா."

அவர் முழங்காலில் ஊர்ந்து முன்னால் வந்து பார்த்தார். பாறையின் முன்விளிம்பு கூரை மாதிரி நீண்டிருந்தது. அதற்கு அடியில், மேலேயிருந்து பார்த்தால் ஒருநாளும் தெரியாத இடத்தில், ஒரு மீன் நின்றுகொண்டிருந்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பருத்த மீன். மேலே ஏறிவராமல், கீழே விழுகிற தீனியை மட்டும் நின்ற இடத்திலேயே தின்று வளர்ந்திருக்கிறது. அதைத்தான் அவர் பதிவேட்டில் சாகடித்து, ஒரு வேளைச் சோற்றையும் தியாகம் செய்திருந்தார்.

கண்ணைத் திறந்திருந்த தலைவியும் விரலை நீட்டி எண்ணினார். "ஏழுதான்" என்றார். பிறகு கல்லுக்காரர் பக்கம் திரும்பினார். "பாக்க வர்றவங்களுக்கு மீன் தெரியலன்னு மேலாளர் சொன்னார். வளக்கறவருக்கே தெரியலையே?"

அவர் முழங்காலில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

"நீங்க அடிக்கடி வந்து பாப்பீங்களா?" என்று மனைவியைக் கேட்டார் தலைவி.

"இல்லைங்க. இன்னிக்குத்தான் மொதல் தடவ பாக்கறேன்."

"மொதல் தடவையா? போன மாசம் என் பேரனைக் கூட்டிட்டு வந்தப்போ சன்னல்ல இருந்தது நீங்கதானே? ஆறு மீன் இருக்குன்னு அடிச்சுச் சொன்னீங்களே?"

"இவர் சொன்னார்ங்க" என்றாள் அவள், அதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

பதினோரு வருடம், நாளுக்கு நாலைந்து பேர், அத்தனை பேரிடமும் அவள் பார்க்காத மீனுக்காக மல்லுக்கு நின்றிருக்கிறாள். இத்தனைக்கும் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அந்தத் தொட்டி நாற்பது அடி. ஒரு மாலை, ஒரு பேருந்தைத் தவறவிட்டிருந்தால் போதும். அவருக்கு அவமானமாக இருந்தது, கல்லுக்காரர் என்ற பெயர் தனக்குச் சரியாகத்தான் பொருந்துகிறது என்றும் இருந்தது.

"கறுப்பா இருக்கே" என்றாள் மனைவி, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "செவப்புன்னீங்க?"

"செவப்புதான்." மேலே விளக்கம் சொல்ல வந்த வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"சரி" என்றாள்.

தலைவி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்து திரையை விலக்கினார். வெளியே தச்சர் சுவரில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். "சிப்பிய மாடிப்படிக்கிட்ட வைங்க" என்றார் மேலாளரிடம். "இது இருக்கட்டும். ஒரு வருஷம் பாப்போம். பத்து நிமிஷம் உக்கார உள்ள பெஞ்சு போடுங்க. நின்னுட்டுப் போறவங்களுக்கு இது தெரியாது." பிறகு கல்லுக்காரரைப் பார்த்தார். "நீங்க தீனி போடுங்க. பேசற வேலை வேணாம். அந்த டார்ச்சை இங்க குடுங்க." அவர் மறுபேச்சில்லாமல் டார்ச்சைக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவர் அறிவிப்புப் பலகையில் ஆறு என்பதை அழித்து ஏழு என்று எழுதினார். பெயிண்ட் டப்பாவோடு வாசல் பக்கம் போனபோது, யாரோ ஒரு ஆள் சன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்த இருட்டு ரூம்ல ஒண்ணுமே இல்லையே?"

"பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க. ஏழு இருக்கு. நானே பாத்தேன்" என்றாள் மனைவி. கொஞ்சம் யோசித்து, நியாயமாக இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள். "நிறம் செவப்பு. அது மட்டும் எங்க வீட்டுக்காரர் சொன்னது."